போவதற்கு முன் திரும்புவதைக் கணக்கிடுங்கள்

2022 ஏப்ரல் முதல் வாரம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டிலில் என் அத்தை அலமாரி மேலிருந்து பழைய மைலோ டின் ஒன்றை இறக்கினார். பிறப்புப் பத்திரம், மாமாவின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) தாள்கள், நகைக்கடை ரசீது, எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு அட்டை போட்ட கடப்பிதழ் (பாஸ்போர்ட்). "எல்லையைத் திறந்துட்டாங்களாம் தம்பி. சமயபுரத்துக்கு வேண்டுதல் இருக்கு. டிக்கெட் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு." கடப்பிதழைப் பிரித்துப் பார்த்தேன். முந்தைய நவம்பரிலேயே காலாவதியாகிவிட்டது. நம் கடப்பிதழுக்கு ஆயுள் ஐந்தே ஆண்டு. அதில் இரண்டு ஆண்டு டின்னுக்குள்ளேயே கழிந்திருந்தது.

அத்தை கேட்ட கேள்வியை அந்த மாதம் எங்கள் டவுனில் பலரும் கேட்டார்கள். "அதான் திறந்தாச்சே, இன்னும் என்ன?" பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் பயண விதிகள் ஏன் அப்படி மாறிக்கொண்டே இருந்தன, தோட்டப்புற ஊர்களில் இருக்கும் நம்மை அது ஏன் கூடுதலாக வாட்டியது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். "எல்லை திறந்தது" என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். உண்மையில் அங்கே நான்கு கதவுகள் இருக்கின்றன. சொந்த நாட்டிலிருந்து வெளியேறுவது ஒன்று, போகிற நாட்டுக்குள் நுழைவது ஒன்று, வழியில் விமானம் மாறும் ஊர் ஒன்று, திரும்பி வீட்டுக்கு வருவது ஒன்று. நான்குக்கும் சாவி வெவ்வேறு கைகளில். நான் பார்த்தவரை, நம் ஊர்க்காரர்கள் பணத்தையும் நிம்மதியையும் தொலைத்தது அந்த நான்காவது கதவில்தான்.

2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். மார்ச் 16 இரவு பிரதமர் முஹிடின் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. மலேசியர்கள் வெளிநாடு போகக்கூடாது, வெளிநாட்டவர் உள்ளே வரக்கூடாது. அறிவிப்புக்கும் நடப்புக்கும் நடுவே, மார்ச் 17 அன்று, இந்தியா வேறொரு கதவைச் சாத்தியது. மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு எந்த விமானமும் கிளம்பக்கூடாது என்று அன்றே சொல்லி அன்றே நிறுத்தியது. சில நாட்களில் எல்லா நாடுகளுடனான வழக்கமான விமானச் சேவையும் நின்றது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கவும் போயிருந்த மலேசியத் தமிழர்கள் சென்னையிலும் திருச்சியிலும் மாட்டிக்கொண்டார்கள். சிறப்பு விமானங்கள் வைத்துத்தான் அவர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. போகும்போது அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. போன பிறகு விதி மாறியது, அவ்வளவுதான்.

அடைத்தது ஏறக்குறைய ஒரே வாரத்தில். திறந்ததோ ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு தேதியில். 2021 அக்டோபர் 10 அன்று, பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுவிட்டதாகப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி அறிவித்தார். மறுநாளிலிருந்து, தடுப்பூசி முடித்தவர்கள் மாநிலம் கடக்கலாம், மைடிராவல்பாஸ் அனுமதி இல்லாமல் வெளிநாடும் போகலாம். டவுனில் அன்றைக்கே திருச்சி டிக்கெட் விசாரித்தவர்கள் உண்டு. ஆனால் இந்தியா வழக்கமான விமானங்களில் வரும் சுற்றுப்பயணிகளுக்கு விசா கொடுக்கத் தொடங்கியது நவம்பர் 15-இல். வழக்கமான அனைத்துலக விமானச் சேவையை மீண்டும் அனுமதித்தது 2022 மார்ச் 27-இல். மலேசியா தன் எல்லையை முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1-இல். வெளியேறும் கதவுக்கும் விமானம் பறக்கும் கதவுக்கும் நடுவே ஐந்தரை மாதம். அப்புறம் கடைசி இரண்டு கதவுகளும் ஐந்தே நாள் இடைவெளியில் திறந்தன. அந்த ஏப்ரலில் கடப்பிதழ் அலுவலகங்களில் விடிவதற்கு முன்பே வரிசை நின்றதும், டிக்கெட் விலை ஏறியதும் அதனால்தான். இரண்டு ஆண்டு அடைபட்ட ஆசை ஒரே வாசலில் வந்து முட்டியது.

திரும்பி வருவதில் ஏன் அவ்வளவு கடுமை? இதற்குப் பதில் எங்கள் கெடா மாநிலத்திலேயே இருக்கிறது. 2020 ஜூலையில் இந்தியாவிலிருந்து திரும்பிய உணவகக்காரர் ஒருவருக்கு வந்திறங்கியபோது எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்தது. வீட்டில் 14 நாள் இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. நாப்போ வட்டாரத்தில் தொற்று பரவியது, மாநில எல்லை தாண்டியும் போனது. அந்தத் தொற்றுத் திரளுக்குச் சுகாதார அமைச்சு வைத்த பெயர் 'சிவகங்கா'. அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தன.

அந்தப் பெயர் வானொலியில் வந்த ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. சிவகங்கை எங்கள் தோட்டத்தில் பல குடும்பங்களின் பூர்வீக ஊர். ஒருவர் செய்த தவறுக்கு ஒரு சீமையின் பெயர் நோயின் பெயராகிவிட்டது. இருந்தாலும் அந்தச் சம்பவத்தில் உள்ள மருத்துவக் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிருமி உடலுக்குள் போன உடனே பரிசோதனையில் தெரியாது. அது பெருகுவதற்குச் சில நாள் ஆகும். சிலருக்கு இரண்டு நாள், பலருக்கு ஐந்து நாள், அரிதாகப் பதினான்கு நாள் வரை. விமான நிலையத்தில் எடுக்கும் பரிசோதனை அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். விமானத்தில் பக்கத்து இருக்கையில் வாங்கிய தொற்று அதில் வராது. 14 நாள் கணக்கு வந்த வழி இதுதான். வீட்டுத் தனிமையை நம்ப முடியாது என்ற எண்ணம் வலுத்ததும், 2020 ஜூலை 24 முதல் நாடு திரும்பும் எல்லாரும் அரசு குறித்த தங்கும் விடுதிகளில் தங்க வேண்டும் என்றாயிற்று, அதுவும் சொந்தச் செலவில்.

செலவு எவ்வளவு? மலேசியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 ரிங்கிட். 14 நாளுக்கு 2,100. அந்த ஆண்டு நகராட்சிப் பகுதிகளுக்கு வெளியே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 ரிங்கிட். ஆக, ஊருக்குப் போய்வந்த ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தை அறைக்குக் கொடுக்க வேண்டும். அந்த 14 நாள் வேலைக்கும் போக முடியாது. டிக்கெட் விலையை மட்டும் பார்த்து "போகலாம், கட்டுப்படியாகும்" என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. அந்த நாள் எண்ணிக்கையும் நிலையாக இருக்கவில்லை. 2020 டிசம்பரில் 10 ஆனது. 2021-இல் இந்தியாவில் டெல்டா வகை எழுந்தபோது ஏப்ரல் 28 முதல் இந்திய விமானங்களுக்கே தடை வந்தது. அக்டோபரில் தடுப்பூசி முடித்தவர்களுக்கு 7 நாளானது. நவம்பர் இறுதியில் ஒமிக்ரான் வந்ததும் பல நாடுகள் திரும்பவும் கதவைப் பாதி சாத்தின. புதிய வகை ஒன்று வரும்போது அது எவ்வளவு வேகமாகப் பரவும், தடுப்பூசி அதைத் தாங்குமா என்பது தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அந்த வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டிய அரசு, தெரியாததைப் பெரிதாகவே மதிப்பிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பயணம் போகிறவர் அந்த இடைவெளியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதும் அல்ல. பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் 1870-களிலேயே அதற்கென்று நிலையம் இருந்தது. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தவர்களை அங்கே இறக்கி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ரஜூலா கப்பலில் வந்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் "விடுதியில் அடைத்துவைக்கிறார்களாம்" என்று சொன்னபோது அவர்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். இந்தியாவுக்குள் நுழைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். அறிக்கை வேண்டும், அதை ஏர் சுவிதா இணையத்தளத்தில் பதிவேற்ற வேண்டும் என்பது 2021-இன் பெரும்பகுதியில் இருந்த விதி. கோலாலம்பூரில் இருப்பவருக்கு 72 மணி நேரம் தாராளம். கோலக்கெட்டிலில் இருப்பவருக்கு அது எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். மாதிரி கொடுக்கச் சுங்கை பட்டாணிக்கோ பினாங்குக்கோ போக வேண்டும். முடிவு வர ஒரு நாள். கெடாவில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும், ஆய்வகத்தின் தலைமையகம் இருக்கும் மாநிலத்தில் சனியும் ஞாயிறும். வியாழன் மாலை மாதிரி கொடுத்தவருக்கு ஏதாவது சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது? அப்புறம் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்குப் பேருந்தில் ஒரு இரவு. கையில் மிஞ்சுவது ஒரு பகல்.

திரும்பும்போது இன்னும் நெருக்கடி. 2022 ஏப்ரல் 1-இல் எல்லை திறந்தபோது, மலேசியாவுக்கு வருபவர் கிளம்புவதற்கு இரண்டு நாளுக்குள் பி.சி.ஆர். எடுக்க வேண்டும், வந்திறங்கி 24 மணி நேரத்துக்குள் இன்னொரு பரிசோதனையும் எடுக்க வேண்டும். துறையூர்ப் பக்கம் ஏதோ கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பவர், ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டிய கடைசி இரண்டு நாளைத் திருச்சியில் ஆய்வக வாசலில் கழிக்க வேண்டும். முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால் விமானம் ஏற முடியாது. விசா தேதி, விடுதிச் செலவு, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் எல்லாம் சேர்ந்து சரியும். அத்தையிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "திரும்பி வர பரிசோதனை வேண்டாம்னு சொல்ற வரைக்கும் பொறுங்க." அவருக்குக் கோபம். ஆனால் மே 1 முதல் தடுப்பூசி முடித்தவர்களுக்கு அந்த இரண்டு பரிசோதனைகளும் நீக்கப்பட்டன. ஒரு மாதப் பொறுமையில் அவர் செலவில் திரும்பி வருவதற்கான பரிசோதனைக் கட்டணம் முழுக்கக் குறைந்தது. கடப்பிதழ் புதுப்பிக்கவும் அந்த மாதம் பயன்பட்டது.

மூன்றாவது கதவான இடைநிலை விமான நிலையத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. மலிவான டிக்கெட் சிங்கப்பூர் வழியாகக் கிடைக்கும், எடுத்துவிடுவோம். 2022 நவம்பரில் ஏர் சுவிதா நீக்கப்பட்டுவிட்டது, இனித் தொல்லை இல்லை என்று எல்லாரும் மூச்சுவிட்ட நேரத்தில், சீனாவில் தொற்று பெருகியதால் 2023 ஜனவரி 1 முதல் ஆறு இடங்களிலிருந்து வருபவர்களுக்கு இந்தியா பி.சி.ஆரைத் திரும்பக் கொண்டுவந்தது. சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து. மலேசியா அதில் இல்லை. ஆனால் அந்த இடங்கள் வழியாக வருபவர்களுக்கும் விதி பொருந்தும். அதாவது, கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சி போனவருக்குப் பரிசோதனை வேண்டாம். அதே நாளில் சிங்கப்பூரில் மாறிப் போனவருக்கு வேண்டும். பிப்ரவரி நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். இடையில் ஆறு வாரம், அதுவும் தைப்பூசத்தை ஒட்டிய ஆறு வாரம். விதிகள் நிலையில்லாத காலத்தில் நேர் விமானத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன். பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேர் விமானம் தொடங்கியது கெடாக்காரர்களுக்குப் பெரிய வசதி. ஒரு கதவு குறைந்தது.

சயாம், அதாவது தாய்லாந்து, கதை வேறு. கோலக்கெட்டிலிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்கு ஒன்றரை மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி ஹட்யாயில் சாப்பிட்டு, துணிமணி வாங்கி, சனிக்கிழமை திரும்புவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதை வெளிநாட்டுப் பயணம் என்று யாரும் நினைத்ததே இல்லை. 2022-இன் முதல் பாதியில் அந்த ஒரு இரவுக்கும் தாய்லாந்து பாஸ் பதிவு வேண்டும், மருத்துவக் காப்புறுதி வேண்டும். காப்புறுதித் தொகை மார்ச்சில் 20,000 அமெரிக்க டாலர், மே மாதம் 10,000. ஜூலை 1-இல் இரண்டும் நீங்கின. ஒரு மாத விடுமுறைக்கு வருபவரை மனத்தில் வைத்து எழுதிய விதி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போகிறவர் மேலும் அதே எடையோடு விழுந்தது.

இனிப் பணம். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: விமானம் ரத்தானதா, உங்கள் பயணம் ரத்தானதா? விமான நிறுவனமே சேவையை ரத்து செய்தால், 2016-ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, 30 நாளுக்குள் தர வேண்டும். விமானம் பறக்கிறது, ஆனால் விதி மாறியதால் நீங்கள் ஏற முடியவில்லை என்றால் கதை வேறு. டிக்கெட்டின் நிபந்தனைதான் பேசும், மலிவு டிக்கெட்டின் நிபந்தனை பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது. அதனால்தான் விமானம் ரத்தாகும் அறிகுறி தெரிந்தால் அவசரப்பட்டு நாமே ரத்து செய்யக்கூடாது. நாம் முந்திக்கொண்டால் உரிமை போய்விடும். 2024 செப்டம்பரில் அந்த விதிகள் திருத்தப்பட்டன. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பணம் கேட்கலாம், செலுத்திய வழியிலேயே அது திரும்ப வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் புகார்களைக் கவனிப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

காப்புறுதியிலும் ஒரு முடிச்சு உண்டு. எந்தச் சிக்கலும் செய்தியில் வந்து எல்லாருக்கும் தெரிந்த பிறகு வாங்கிய காப்புறுதி அந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலும் உதவாது. ஒமிக்ரான் செய்தி வந்த மறுநாள் ஓடிப்போய் வாங்கியவருக்குப் பயனில்லை. டிக்கெட் எடுக்கும் அன்றைக்கே வாங்கியவருக்குத்தான் பயன். போகப் பயமாக இருக்கிறது என்பதும் காரணமாகச் செல்லாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊருக்குப் போகும் பணம் நம் வீடுகளில் மிச்சத்திலிருந்து வருவதில்லை. மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்க்கிறோம், கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்க்கிறோம். பெருந்தொற்றின்போது ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு சிறப்புத் திட்டங்களில் நாடு முழுக்க மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட் எடுக்கப்பட்டது. கடைசியாக 10,000 ரிங்கிட் வரை எடுக்க விட்டது இதே 2022 ஏப்ரலில், எல்லை திறந்த அதே மாதத்தில். முதுமைக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கு திருச்சி டிக்கெட்டாக மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பணம் ஒரு விதி மாற்றத்தில் கரையக்கூடாது.

அத்தையின் டிக்கெட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் பெயர்களில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று குறிக்க வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. கடப்பிதழில் பெயர் ஒரே வரியில் இருக்கும், குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. விசாப் படிவமோ குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கும். சாய்வுக்கோட்டை விமான நிறுவனத்தின் இணையத்தளம் ஏற்காது. ஒரு பயண முகவர் டிக்கெட்டில் அத்தையின் பெயரை விட்டுவிட்டு அவர் அப்பாவின் பெயரை மட்டும் போட்டுவிட்டார். தடுப்பூசிச் சான்றிதழில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. திருத்தக் கட்டணத்தை அத்தையே கட்டினார். அன்றிலிருந்து நான் யாருக்குப் படிவம் நிரப்பினாலும் கடப்பிதழைத் திறந்து, அடியில் கோணக் குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடுகிறேன். கணினி படிப்பது அந்த வரியைத்தான்.

அவர் ஜூன் மாதம் போய்வந்தார். நாட்டுக்குள் நுழைய மைசெஜாத்ரா செயலியில் பயணி அட்டை நிரப்ப வேண்டும் என்ற விதி ஆகஸ்டு 1 வரை இருந்தது. திருச்சியில் இணையம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று, எப்படி நிரப்புவது என்பதை ஒவ்வொரு திரையாகப் படம் எடுத்து, அச்சடித்து, அவர் கைப்பையில் வைத்து அனுப்பினேன்.

இப்போது அந்தக் கெடுபிடிகள் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் அவசரநிலையை முடித்துவைத்தது. ஆனால் அந்தக் காலத்தின் பழக்கம் படிவங்களில் தங்கிவிட்டது. தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை கேட்கிறது, இந்தியா அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் கேட்கிறது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அந்த மூன்று நாள் கணக்கு நமக்கு இப்போது கைவந்த கணக்கு.

பள்ளி விடுமுறையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பெருந்தொற்றால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026-இல் மீண்டும் ஜனவரியில் தொடங்கியது. ஆகவே ஊருக்குப் போகும் மாதம் என்றால் மறுபடியும் டிசம்பர்தான். அத்தை இந்த முறை பேரப்பிள்ளைகள் இருவரையும் சமயபுரம் கூட்டிப்போகிறேன் என்கிறார். போன வாரம் மைலோ டின்னைத் திறந்து பார்த்தோம். 2022 மே மாதம் எடுத்த கடப்பிதழ் 2027 மே மாதம் முடிகிறது. இந்தியாவில் இறங்கும் நாளில் இன்னும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். டிசம்பரில் போனால் ஐந்து மாதம்தான் மிஞ்சும். "அக்டோபர்ல புதுப்பிச்சிடணும்" என்று அத்தையே விரல் விட்டு எண்ணிச் சொன்னார். டிக்கெட்டை அதற்கப்புறம்தான் பார்க்கப்போகிறோம்.